பச்சைப் புள்ளி ஜானகிராமன்

ஜானகிராமனைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை ஒன்றும் கிடையாது. கம்பெனி பஸ்ஸில் பதினொரு வருஷம் அவன் பக்கத்து சீட்டில் போய் வந்த பாவத்துக்கு, அவனைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அவன் மனைவி பாப்பாவுக்குத் தெரியும். அவளுக்கு எழுத நேரமில்லை.

திருப்போரூரில் காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பும் பஸ். செங்கல்பட்டு வழியாக மறைமலைநகர் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகும். நான் முதல் நிறுத்தத்தில் ஏறி சன்னல் ஓரம் உட்கார்ந்துவிடுவேன். காட்டு ரோட்டில் ஏழெட்டு கிலோமீட்டர் போனதும் அவன் ஏறுவான். ஏறும்போதே வாயும் திறந்துவிடும். மற்ற நாற்பது பேரும் தூங்குவார்கள். நான் மட்டும் கேட்டுக்கொண்டு வருவேன்.

பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி எங்களுடையது. நான் ஸ்டோர்ஸ். வருவதையும் போவதையும் எண்ணி எழுதுபவன். அவன் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஊரில் வெறும் 'இன்ஸ்பெக்டர்' என்று சொல்லி வைத்திருந்தான். விவரம் தெரியாத கிழவர்கள் இரண்டு பேர் ஆடு காணாமல் போனதற்குப் புகார் சொல்ல அவன் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். இவனும் உட்கார வைத்து, ஆட்டின் நிறம் என்ன, வயசு என்ன என்று விசாரித்து அனுப்பியிருக்கிறான். இதையும் அவனேதான் பஸ்ஸில் சொன்னான், பெருமையாக.

அவன் வேலையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நடந்தது எல்லாம் அதனால்தான். ஒரு பெட்டியில் ஐம்பது உருப்படி வரும். அதில் ஐந்தை எடுப்பான். அளவு பார்க்கும் கேஜில் வைத்துப் பார்ப்பான். ஐந்தும் சரியாக இருந்தால் பெட்டியின் மேல் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிடுவான். ஐம்பதும் பாஸ். கம்பெனி சொல்லிக் கொடுத்த முறைதான், குற்றம் சொல்ல முடியாது. எப்போதாவது பெட்டி திரும்பி வரும். ஏழு உருப்படி விரிசல், ஒன்பது உருப்படி விரிசல் என்று தாள் வைத்து அனுப்புவார்கள். மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டால், "நான் பார்த்த அஞ்சும் நல்லா இருந்துச்சு சார்" என்பான். இந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு பதினொரு வருஷம் ஓட்டியவன் அவன்.

இந்த வியாதி அவனுக்கு கம்பெனி கேட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கேளம்பாக்கம் மார்க்கெட்டில் தக்காளிக் கூடையில் மூன்றை அழுத்திப் பார்ப்பான், கூடை பாஸ். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது பையனின் சித்தப்பாவையும் அத்தையையும் ஊரப்பாக்கத்தில் போய்ப் பார்த்துப் பேசினான். இருவரும் தங்கமானவர்கள். குடும்பமே பாஸ். மாப்பிள்ளை ஆறாவது மாதம் அவள் நகையோடு காணாமல் போனான். "நான் பேசுன ரெண்டு பேரும் இன்னிக்கும் நல்லவங்க தான் மச்சான்" என்று என்னிடம் அடித்துச் சொன்னான். இப்படி ஒருத்தனை என்ன செய்வது?

பாப்பா வேறு மாதிரி. சித்தாள் வேலைக்குப் போனவள். கேளம்பாக்கத்தில் இன்று ஐடி பையன்கள் குடியிருக்கிற பிளாட்டுகளில் எத்தனையோ மாடிக்கு அவள் தலையில் சிமெண்டு ஏறியிருக்கிறது. ஒன்பது வருஷத்துக்கு முன் கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது, இனி சுமை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போது வாங்கியதுதான் இரண்டு பன்றிக் குட்டிகள். அந்த இரண்டு முப்பத்து நான்கு ஆனது முழுக்க அவள் உழைப்பு. காலையில் குட்டியானை லோடு வண்டி பிடித்து ஓட்டல்களில் மிச்சம் எடுத்து வருவாள். அதை அப்படியே கொட்டமாட்டாள். பெரிய அண்டாவில் கொட்டி, குமிழி வந்த பிறகும் அரைமணி கொதிக்கவிட்டு, ஆறிய பிறகுதான் ஊற்றுவாள். அலுமினிய அன்னக்கூடையைக் கரண்டியால் நாலு தட்டு தட்டினால் முப்பத்து நான்கும் ஓடி வரும். முதலில் வருவது மூளி. ஒரு காதை நாய் கடித்துப் பிய்த்த கிழட்டுப் பொட்டை. பாதிக் கூட்டம் அதன் வயிற்றில் பிறந்தது.

பாப்பாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. வெளியிலிருந்து ஒரு பன்றி வந்தால் அது நேராகப் பட்டிக்குள் போகாது. ஓடை தாண்டி ஒரு தனிக் கொட்டகை, அதில் கட்டுவாள். ஒரு அமாவாசை கழிந்து அடுத்த அமாவாசை வரும்வரை அது அங்கேதான் கிடக்க வேண்டும். அதற்குத் தீனி வைத்தால் கைகால் கழுவி, வேறு சேலை மாற்றிக்கொண்டுதான் மற்றவற்றிடம் வருவாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. எட்டு வருஷத்தில் அவள் பட்டியில் கொள்ளை நோய் என்று ஒன்று வந்ததில்லை.

மூன்று வருஷம் அவன் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. நாறுகிறது என்பான். கூட்டம் முப்பதைத் தாண்டி, ஆட்கள் வீடு தேடி வந்து பன்றி கேட்க ஆரம்பித்த பிறகுதான் அவனுக்கு அது 'நம்ம பண்ணை' ஆனது. போனில் வீடியோ பார்த்தான். 'ஜே.ஆர். நவீன பன்றிப் பண்ணை' என்று போர்டு எழுதி வைத்தான். ஜே என்றால் ஜானகி, ஆர் என்றால் ராமன். பாப்பாவுக்கு அதில் ஒரு எழுத்துகூடக் கிடைக்கவில்லை.

போன வருஷம் தை அமாவாசை முடிந்த மறுநாள் சனிக்கிழமை. லட்சுமணன் என்ற தரகர் மூலம் பத்து பொட்டைப் பன்றிகள் வந்து இறங்கின. எங்கோ வடக்கே ஒரு பண்ணையைக் காலி செய்கிறார்களாம். வெள்ளைச் சாதி, பார்க்க அழகு. பாப்பா தனிக் கொட்டகையைக் கூட்டி வைத்திருந்தாள். இவன் வண்டியை நேராகப் பட்டி வாசலுக்கு விடச் சொன்னான். மூன்றை இறக்கினான். பின்பக்கம் தெர்மாமீட்டர் வைத்தான், நூற்றிரண்டு, சரியான சூடு. காதைத் திருப்பினான், கண்ணைப் பிதுக்கினான், தவிடு வைத்தான், தின்றன. கம்பெனியிலிருந்து கொண்டு வந்த பெயிண்டால் பத்தின் முதுகிலும் பச்சைப் புள்ளி வைத்தான்.

பாப்பா குறுக்கே நின்றிருக்கிறாள். "அமாவாச கழியட்டும், அப்புறம் சேத்துக்கலாம்" என்றிருக்கிறாள்.

"அமாவாசைக்கும் பன்னிக்கும் இன்னாடி சம்மந்தம்? இது நவீன பண்ணை. மூட நம்பிக்கைக்கு இங்க எடம் கெடையாது" என்று சொல்லி, கதவை அவனே திறந்து விட்டிருக்கிறான். பத்தும் முப்பத்து நான்கோடு கலந்தன. பாப்பா அன்று இரவு சாப்பிடவில்லை என்பதை அவன் என்னிடம் ஒரு நகைச்சுவை போலச் சொன்னான்.

இங்கே என் மனைவி ஜெனிஃபரைச் சொல்ல வேண்டும். அவள் கால்நடை மருந்தகத்தில் உதவியாளர். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பும்போது சொன்னாள்: "பன்னிக்கு ஒரு காய்ச்சல் வந்துகினு கீதாம், எச்சரிக்கையா இருக்கச் சொல்லி சர்க்குலர் வந்திருக்கு. மருந்தும் கெடையாது, ஊசியும் கெடையாது. உள்ள பூந்துட்டா நாலு நாள்லயும் தெரியும், பத்தொம்போது நாள் கழிச்சும் தெரியும். அதுவரைக்கும் நல்லா தின்னும், நல்லா நடக்கும். புதுசா வாங்குனா ஒரு மாசம் தனியா வெக்கணுமாம். பாப்பாகிட்ட சொல்லிடு. ஜானகிராமன் அண்ணன்கிட்டயாவது சொல்லு, நாளைக்கு பஸ்ல பாப்ப இல்ல."

சரி என்றேன்.

திங்கட்கிழமை பஸ்ஸில் அவன் ஏறி உட்கார்ந்ததும் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். பத்து வெள்ளைப் பன்றிகள், பத்து பச்சைப் புள்ளிகள், நடுவில் மூளி.

"ஏன் மூடுறாங்களாம் அந்தப் பண்ணைய?" என்று கேட்டேன்.

"லேபர் கெடைக்கலியாம்."

"புதுசா வந்தத கொஞ்ச நாள் தனியா..." என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவன் சத்தமாகச் சிரித்தான். "மச்சான், உன் வேல எண்றது. என் வேல பாக்குறது. பாக்குறவன்கிட்ட எண்றவன் பேசக் கூடாது." முன் சீட்டில் அபிஷேக் என்று ஒரு டிரெய்னி பையன், போன வாரம் வேலைக்குச் சேர்ந்தவன், அவன்கூடச் சிரித்தான். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். கோபம் வந்தால் கத்துகிற ஆள் இல்லை நான். உள்ளே வைத்துக்கொள்வேன். செங்கல்பட்டு கொளவாய் ஏரி வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு ஒன்றே ஒன்றைத்தான் நினைத்தேன்: பட்டுத் தெரியட்டும். பதினொரு வருஷமாக இந்த ஆளின் ஐந்து உருப்படிக் கதையைக் கேட்டாயிற்று, ஒரு தடவையாவது இவன் மூக்கு உடையட்டும். அப்படி நினைத்தபோது மனதுக்கு இதமாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. சாயங்காலம் ஜெனிஃபர், "சொன்னியா?" என்று கேட்டாள். "சொல்லிட்டேன்" என்றேன்.

அந்த வாரம் முழுக்க அவன் ராஜா. ஏழாம் நாள், "பாரு, ஒரு வாரம் ஆச்சி, ஒரு தும்மல் கெடையாது" என்றான். நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டேன். எண்ணுவதுதானே என் வேலை. பாப்பாவிடம் சொல்ல ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை போயிருந்தால்கூடப் போதும். இரு சக்கர வண்டியில் கால் மணி நேரம். போகவில்லை.

ஒன்பதாம் நாள் புதியவற்றில் ஒன்று எழுந்திருக்கவில்லை. வெயில் என்றான். மாசி பிறக்கும் முன் என்ன வெயில்? பாரசிடமால் மாத்திரையை வெல்லத்தில் வைத்துக் கொடுத்தானாம். பதினோராம் நாள் அது செத்தது. அதற்கடுத்த நாள் இன்னும் இரண்டு. காது சிவந்து, வயிற்றில் திட்டுத் திட்டாக ரத்தம் கட்டி. அன்று பஸ்ஸில் அவன் சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்: "நான் செக் பண்ண மூணும் இன்னும் நல்லா தான் கீது மச்சான். செத்தது செக் பண்ணாதது."

பதினாறாம் நாள் பாப்பாவின் சொந்தப் பன்றிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துக்கொண்டு அன்னக்கூடைச் சத்தத்துக்கு வரவில்லை. அவள் அவனிடம் கேட்கவில்லை. நடந்தே ரோட்டுக்கு வந்து, பஸ் பிடித்து, ஜெனிஃபர் வேலை செய்யும் மருந்தகத்துக்குப் போய் நின்றாள். டாக்டர் சுப்ரஜா அன்றே வந்து ரத்தம் எடுத்தார். சின்ன வயசுப் பெண், அதட்டிப் பேசத் தெரியாதவர்.

"எப்ப வந்துச்சு இந்த புதுப் பன்னி எல்லாம்?" என்று கேட்டாராம்.

ஜானகிராமன் முந்திக்கொண்டான். "மேடம், வந்தது எல்லாம் ஓகே. டெம்பரேச்சர் ரெக்கார்டு வெச்சிருக்கேன். ஓட்டல் மிச்சம் போடுது என் வொய்ஃபு. அதுலதான் வந்திருக்கும்."

கட்டிய பெண்டாட்டி பக்கத்தில் நிற்கும்போது சொன்னான். பாப்பா டாக்டரை அண்டாவிடம் கூட்டிப்போய், அடியில் இருந்த சூடான சாம்பலைக் காட்டினாள். டாக்டர் பார்த்தார். பிறகு அவனிடம் பொறுமையாகச் சொன்னார்: "சார், கிருமி உள்ள போனதுக்கும் காய்ச்சல் வெளிய தெரியறதுக்கும் நடுவுல இத்தனை நாள்னு இருக்கு. அந்த நாள்ல நீங்க எந்த தெர்மாமீட்டர் வெச்சாலும் நார்மல்தான் காட்டும். நீங்க பார்த்தது தப்பில்ல. பார்த்த உடனே உள்ள விட்டதுதான் தப்பு. அம்மா சொன்ன மாதிரி அமாவாசை வரைக்கும் தனியா வெச்சிருந்தா அந்தப் பத்தோட போயிருக்கும்." இதை எனக்கு ஜெனிஃபர் சொன்னாள். அவன் சொல்லவில்லை.

முடிவு வர ஒரு வாரம் ஆனது. வந்தது அந்தக் காய்ச்சல்தான். மிச்சம் இருக்கும் பன்றிகளை எல்லாம், நோய் கண்டது காணாதது என்று பார்க்காமல், கொன்று புதைக்க வேண்டும் என்பது உத்தரவு. ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் வேறு யாரும் பன்றி வளர்க்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

அந்தப் புதன்கிழமை நான் லீவு போட்டேன். எதற்கு என்று ஜெனிஃபர் கேட்டாள். உன்னை வண்டியில் கொண்டு விட என்றேன். ரோட்டோரம், சுண்ணாம்புத் தூள் போட்டிருந்த கோட்டுக்கு வெளியே நின்றேன். உள்ளே வெள்ளை உடுப்பு போட்ட ஆறு பேர். ஜே.சி.பி. ஒன்று குழி வெட்டிவிட்டு ஓரமாக நின்றது. உயிரோடு இருந்தவை பத்தொன்பது. வெள்ளை உடுப்பைக் கண்டதும் அவை மூலைக்கு மூலை ஓடின. ஒன்றையும் பிடிக்க முடியவில்லை. அரைமணி நேரம் துரத்திப் பார்த்துவிட்டு டாக்டர் பாப்பாவிடம் வந்தார். கேட்க முடியாமல் நின்றார்.

பாப்பா அன்னக்கூடையை எடுத்துக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். கரண்டியால் தட்டினாள். ஒவ்வொன்றாக வந்தன. அவள் தட்டத் தட்ட வந்தன. நோய் வந்தது தள்ளாடிக்கொண்டு வந்தது, வராதது ஓடி வந்தது. தின்றுகொண்டிருக்கும்போதே ஊசி போட்டார்கள். எட்டு வருஷம் சோறு போட்ட சத்தத்தை வைத்தே கூப்பிட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது அவளுக்கு.

கடைசியில் மூளி நின்றது. அதற்குக் காய்ச்சல் இல்லை, திட்டு இல்லை. அன்னக்கூடைக்குள் தலையை விட்டு நன்றாகத் தின்றது.

"மேடம், இது நல்லா தின்னுதே" என்றாள் பாப்பா. "இன்னும் மூணு நாள்ல அமாவாச. இத மட்டும் அந்தக் கொட்டாயில தனியா கட்டிப்புடறேன். நான் உள்ளயே குந்திக்கினு கெடக்கறேன், வெளிய வரல. அதுக்குள்ள ஒண்ணு ஆச்சின்னா நானே உங்களுக்கு போன் பண்றேன்."

டாக்டர் முகமூடிக்குள் என்ன முகம் வைத்திருந்தார் என்று தெரியவில்லை. "நேத்து வரைக்கும் செத்துக்கிட்டிருந்த பன்னிங்களோட படுத்திருக்கும்மா. நாளை எண்ண ஆரம்பிக்கணும்னா இன்னைலேர்ந்துதான் எண்ணணும். நீங்க பழைய அமாவாசைய எண்றீங்க" என்றார்.

அப்போதுதான் அந்த மனுஷன் வாயைத் திறந்தான். காலையிலிருந்து கோட்டுக்குள்ளே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தவன். "மேடம், இது ஓகே பீஸ். காலைல நான் செக் பண்ணேன்."

பாப்பா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. "செக் பண்ட்டியா" என்று மட்டும் சொன்னாள். பிறகு மூளியின் அறுந்த காதுப் பக்கம் கையை வைத்துக்கொண்டு டாக்டரிடம், "போடுங்க" என்றாள்.

மறுநாள் அவன் வேலைக்கு வந்துவிட்டான். நிவாரணத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறானாம், வந்ததும் காடை வளர்க்கப் போகிறானாம், காடைக்கு இந்தக் காய்ச்சல் வராதாம், வீடியோவில் பார்த்தானாம். செங்கல்பட்டு வரைக்கும் காடை. நான் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டேன். மனுஷ ஜென்மத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை என்று அன்றைக்கும் நினைத்தேன், அப்படி நினைக்க எனக்கு என்ன அருகதை என்று யோசிக்காமல்.

பட்டியைக் கழுவி, மருந்தடித்து, பல மாதம் காலியாகப் போட வேண்டும், அதுவரை புதுப் பன்றி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பாப்பா ஒரு வாரம் வீட்டில் இருந்திருப்பாள். பங்குனியில் ஒரு காலை, திருப்போரூர் கூட்டு ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் கட்டட வேலைக்கு ஆள் ஏற்றும் வேனுக்காகப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். அதில் அவளும் இருந்தாள். கையில் டிபன் பை. தலையில் வைக்கும் சும்மாட்டுத் துணியைத் தோளில் போட்டிருந்தாள். கழுத்தை முழுதாகத் திருப்ப முடியவில்லை, உடம்போடு திரும்பித்தான் என்னைப் பார்த்தாள். ரோட்டைத் தாண்டி என்னிடம் வந்தாள்.

"ஸ்டான்லி அண்ணே, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றாள். "ஜெனிஃபர் அக்கா சொல்லிச்சி. பன்னி வந்த மறுநாளே உன்கிட்ட சொல்லி அனுப்பிச்சாமே, ஒரு மாசம் தனியா வெக்கச் சொல்லி. நீயும் அந்தாளுகிட்ட பஸ்ல சொல்லிட்டியாமே."

நான் பஸ் வரும் திசையைப் பார்த்தேன்.

"ரெண்டாம் நாளு அது. அன்னிக்கே பிரிச்சிருந்தா பாதியாவது தேறியிருக்கும். நான் சொன்னா மூட நம்பிக்க. சரி. அக்கா சொல்லி அனுப்பிச்சத, ஆஸ்பத்திரிக்காரங்க சொன்னத, வந்து என்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா கேடு அந்தாளுக்கு? நேத்து கேட்டேன். ஸ்டான்லி என்கிட்ட சொல்லவே இல்லன்றான். கண்ணப் பாத்து சொல்றான், அண்ணே. பொய்ய கூட உன் மேல போடறான்."

அவள் குரல் உயரவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேன் வந்து நின்றது, மற்றப் பெண்கள் ஏற ஆரம்பித்தார்கள்.

"அவன் எப்பவுமே அப்படித்தாம்மா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பிறகு போய் வேனில் ஏறிக்கொண்டாள்.